உங்கள் சுருதிக்கு ஒரு பாட்டு

(நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



கம்பனும் பாரதியும் பேசப்பட்ட மேடை இது. இந்த மேடையில், பின்னணி இசை ஓட நாமே பாடும் கரோக்கியைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். இது சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை. மனிதர்கள் ஒன்றுகூடிப் பாடுவதைப் பற்றிய பேச்சு எந்தக் காலத்திலும் சின்ன விஷயம் ஆகாது.

மேடை ஒலி அமைப்பு என் தொழில். ரேடியோ செட் கட்டுவதில் தொடங்கி, மெல்லிசைக் குழுக்களுக்கு மிக்ஸர் பார்த்து, இப்போது கல்யாண வரவேற்பு, அறுபதாம் கல்யாணம், அபார்ட்மென்ட் பொங்கல் விழா என்று கரோக்கி கொண்டுபோகிறேன். எந்த மண்டபத்திற்குப் போனாலும், எந்த வீட்டுக்குப் போனாலும், ஒரு வாக்கியம் எனக்காகக் காத்திருக்கிறது. மைக்கை நீட்டினால் போதும். "ஐயையோ, எனக்குக் குரலே கிடையாது, என்னை விட்டுடுங்க!"

இன்று நான் பேச வந்தது அந்த வாக்கியத்தைப் பற்றித்தான். குரல் இல்லை என்று இவர்களுக்கு யார் சொன்னார்கள்? எப்போது சொன்னார்கள்? எதை வைத்துச் சொன்னார்கள்?

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். நம் வீடுகளில் தாலாட்டுப் பாடிய பாட்டிக்கு யார் குரல் தேர்வு வைத்தது? நடவு வயலில் குலவையிட்டுப் பாடிய பெண்களை யார் மார்க் போட்டுத் தேர்ந்தெடுத்தது? கல்யாணம் என்றால் நலங்குக்கு ஒரு பாட்டு, ஊஞ்சலுக்கு ஒரு பாட்டு, ஆரத்திக்கு ஒரு பாட்டு. சம்பந்தி வீட்டாரைக் கேலி செய்யக்கூடத் தனிப் பாட்டு உண்டு. கோயில் வாசலில் கும்மி உண்டு. சாவு வீட்டில் ஒப்பாரி உண்டு. அங்கெல்லாம் பாடியவர்கள் பாடகிகளா? அத்தைகள், சித்திகள், பக்கத்து வீட்டு ஆச்சிகள். குரல் கரகரத்தாலும் பாடினார்கள். மூச்சு வாங்கினாலும் பாடினார்கள். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுத்துக்கொண்டார். பாடுவது ஒரு திறமை என்ற எண்ணத்துக்கு முன்பே, பாடுவது ஒரு கடமையாக, ஒரு உரிமையாக இருந்தது.

பிறகு என்ன நடந்தது? சினிமா பேச ஆரம்பித்தது, பாட ஆரம்பித்தது. இலங்கை வானொலி வந்தது. 1957இல் விவித் பாரதி வந்தது. எங்கள் தொழில் வந்தது. தென்னை மரத்தில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டி, ரிக்கார்டு போட்டு, ஊரெல்லாம் கேட்கும்படி கல்யாண வீட்டை அறிவித்தோம். ஊருக்கே சந்தோஷம். ஆனால் ஸ்பீக்கர் பாடத் தொடங்கியதும் கூடத்தில் இருந்த பெண்கள் நிறுத்திக்கொண்டார்கள். இது என் துணிபு. ரேடியோ செட் தொழிலிலிருந்து வந்தவன் என்பதால் இதை அழுத்தமாகவே சொல்கிறேன். மிக நல்ல குரல்களைக் காலையிலிருந்து இரவு வரை கேட்கக் கேட்க, நம் சொந்தக் குரல் நமக்கே பிடிக்காமல் போய்விட்டது.

யாரோடு நம்மை ஒப்பிட்டுக்கொண்டோம் என்று யோசித்துப் பாருங்கள். பி. சுசீலா அம்மாவின் பெயரை 2016இல் கின்னஸ் புத்தகத்தில் சேர்த்தார்கள். எத்தனை பாட்டுக்காக? 17,695 பாட்டுக்காக! வாழ்நாளெல்லாம் பாட்டே பயிற்சியாக, பாட்டே சாப்பாடாக வாழ்ந்த ஒரு தொண்டை அது. அதற்குப் பக்கத்தில், காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, பகலெல்லாம் வங்கிக் கவுன்டரில் பேசிக் களைத்த ஒரு தொண்டையை வைத்து, "எனக்குக் குரல் இல்லை" என்று தீர்ப்பு எழுதுகிறோம். இது நியாயமா?

நண்பர்களே, இந்த இடத்தில் உங்களை ஜப்பானுக்கு அழைத்துப் போகிறேன். கரோக்கி பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால், நான் சொல்லவந்தது பாதி புரிந்துவிடும்.

1967இல் தோக்கியோவில் ஷிகெய்ச்சி நெகிஷி என்றொருவர் சின்னத் தொழிற்சாலை ஒன்றை நடத்திவந்தார். அவர் பாட்டை முணுமுணுப்பதைக் கேட்டு அவருடைய ஊழியரே கேலி செய்தார். பின்னணி இசை மட்டும் இருந்தால் என் குரலும் எடுபடுமே என்று அவருக்குத் தோன்றியது. இசை நாடாவோடு மைக்கை இணைத்து ஒரு பெட்டி செய்தார். ஸ்பார்கோ பாக்ஸ் என்று அதற்குப் பெயர். ஆக, இந்தக் கருவியின் முதல் விதையே, உன் பாட்டு நன்றாக இல்லை என்று ஒருவர் சொன்ன கேலியில்தான் இருக்கிறது.

அடுத்தவர் தாய்சுகே இனோவே. கோபே நகரத்தில் சன்னோமியா என்ற பகுதியின் மதுக்கூடங்களில் வாடிக்கையாளர்கள் பாட, பின்னால் வாசித்தவர். பெரிய வித்வான் இல்லை. ஆனால் அவரிடம் ஒரு குணம் இருந்தது. பாடுகிறவர் தடுமாறினால் தானும் மெதுவாக வாசிப்பார். பாடுகிறவருக்குக் குரல் எட்டவில்லை என்றால் சுருதியைத் தாழ்த்திக்கொள்வார். ஒரு கம்பெனி முதலாளி வெளியூர் விருந்துக்கு அவரைக் கூப்பிட்டார். இனோவேயால் போக முடியவில்லை. அந்த முதலாளியின் குரலுக்கு எந்தச் சுருதி, எந்த வேகம் என்று தெரிந்தவர் ஆதலால், அதற்கேற்ப வாசித்து ஒரு நாடாவில் பதிந்து கையில் கொடுத்தனுப்பினார். முதலாளி சந்தோஷமாகத் திரும்பி வந்தார். இன்னும் நாடா வேண்டும் என்று கேட்டார்.

கவனியுங்கள். அந்த நாடா ஊருக்குப் பொதுவாகச் செய்யப்பட்டதல்ல. ஒரே ஒரு மனிதருக்காக, அவர் குரல் போகிற உயரம் பார்த்து, அவர் மூச்சு பார்த்துச் செய்யப்பட்டது!

1971இல் இனோவே 11 பெட்டிகள் செய்தார். 8 ஜூக் என்று பெயர். அவற்றை விற்கவில்லை. கோபேயின் மதுக்கூடங்களுக்கு வாடகைக்கு விட்டார். காசு போட்டால் பாட்டு, கையில் மைக், கொஞ்சம் எக்கோ. கரோக்கி பிறந்ததே வாடகைத் தொழிலாகத்தான். அவர் காப்புரிமை எடுக்கவில்லை. பிலிப்பைன்ஸில் ரொபெர்த்தோ தெல் ரொசாரியோ என்பவர் 1975இல் தம் சொந்தக் கருவியைச் செய்து, பின்னாளில் காப்புரிமையும் வாங்கினார். 1985 வாக்கில் ஜப்பானின் ஒகயாமாவில் சரக்குப் பெட்டிகளைப் பாடும் அறைகளாக மாற்றினார்கள். அங்கிருந்து கரோக்கி உலகம் சுற்றக் கிளம்பியது. அது எங்கெங்கே போனது என்ற கதை நீளம். அதை விட்டுவிடுகிறேன்.

நமக்கு வேண்டியது அந்த முதல் நாடாவின் பாடம். உலகமெல்லாம் பரவிய அவசரத்தில் நாம் தொலைத்த பாடம் அது. இன்று நம் மண்டபங்களில் என்ன நடக்கிறது? டி.எம். சௌந்தரராஜன் பாடிய அதே சுருதியில் பின்னணி இசை டிராக் ஓடுகிறது. சுசீலா அம்மா, ஜானகி அம்மா இளம் வயதில் பாடிய அதே சுருதியில் டிராக் ஓடுகிறது. மைக்கைப் பிடித்தவர் பல்லவியில் தப்பிக்கிறார். சரணத்தில் மாட்டிக்கொள்கிறார். குரல் எட்டாமல் கீச்சிடுகிறது, அல்லது நடுவில் கீழே விழுகிறது. கைதட்டல் பாதியில் நிற்கிறது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தவர், இனி வாழ்நாளில் மைக்கைத் தொடுவதில்லை என்று முடிவு செய்கிறார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பழமொழி அவளைப் பழிக்கிறது. நான் அவள் பக்கம் நின்று கேட்கிறேன். கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தால்? எத்தனையோ மேடைகளில் மிக்ஸருக்குப் பின்னால் நின்று நான் பார்த்தது இதுதான்: பெரும்பாலான இடங்களில் கூடம் கோணல்தான்.

ராகமே காதில் ஏறாதவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். மான்ட்ரியால் நகரில் இசபெல் பெரெட்ஸ் என்ற ஆய்வாளர் பல்லாண்டுகளாக அதை ஆராய்ந்தவர். 2017இல் வந்த அவருடைய ஆய்வு, பிறவியிலேயே அந்தக் குறை உள்ளவர்கள் நூற்றுக்கு 1.5 பேர் என்று கணக்கிட்டது. மண்டபத்தில் 200 பேர் இருந்தால் 3 பேர். ஆனால் "எனக்குக் குரல் இல்லை" என்று சொல்பவர்கள் 3 பேரா? மீதிப் பேருக்கு என்ன குறை? காது நன்றாக இருக்கிறது. குரல் நன்றாக இருக்கிறது. சுருதிதான் அவர்களுடையது இல்லை.

சுருதி என்றால் என்ன, அதை எப்படி மாற்றுவது? பாட்டு வாத்தியாரிடம் போனவர்களுக்குத் தெரியும். கர்நாடக சங்கீதத்தில் ஆண்கள் பொதுவாக 1 கட்டை, ஒன்றரைக் கட்டைப் பக்கம் பாடுவார்கள். பெண்கள் நாலரை, 5, ஐந்தரைப் பக்கம். கட்டை என்பது ஆர்மோனியத்தில் ஆதார சட்ஜம் எங்கே நிற்கிறது என்ற கணக்கு. ஆண் பாடிய பாட்டை ஒரு பெண் அதே சுருதியில் எடுத்தால், ஒன்று அடித்தொண்டைக்கு இறங்க வேண்டும், அல்லது வானத்துக்கு ஏற வேண்டும். ஜோடிப் பாட்டில் இருவருக்கும் ஒரே சுருதி என்பதால் யாராவது ஒருவர் கஷ்டப்படத்தான் வேண்டும். சினிமாவில் அந்தக் கஷ்டத்தைத் தாங்கத் தேர்ந்த குரல்கள் இருந்தன. இசையமைப்பாளர்களும் அதற்கேற்ப வரிகளைப் பங்கிட்டார்கள்.

இன்றைக்கு நல்ல செய்தி என்னவென்றால், பாட்டின் வேகம் மாறாமல் சுருதியை மட்டும் ஏற்றவும் இறக்கவும் ஒரு லேப்டாப் போதும். எங்கள் மொழியில், "ரெண்டு கீ எறக்கு" என்போம். ஒரு கீ ஏறக்குறைய அரைக் கட்டை. இரண்டு, மூன்று கீ மாற்றினால் யாருக்கும் தெரியாது. ஐந்து, ஆறு என்று போனால் வயலின் முனகும், தபலா உப்பிப்போன மாதிரி கேட்கும். அப்போதும் பாடகர் சுகமாகப் பாடுகிறார் என்றால் நான் தபலாவை விட்டுக்கொடுப்பேன். மனிதர் முக்கியம்.

ஒரு அறுபதாம் கல்யாணத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தாலி கட்டி முடிந்து, சாயங்காலம் வீட்டார் மட்டும் கூடியிருந்த நேரம். பெரியவருடைய மனைவியைப் பேத்திகள் மேடைக்கு இழுத்து வந்தார்கள். ஒரு காலத்தில் கொலுவுக்குக் கொலு பாடிய அம்மா என்று பிறகு சொன்னார்கள். மைக்கை இடுப்புக்கு நேராகப் பிடித்திருந்தார், கரண்டியைப் பிடிப்பதுபோல. புடவைத் தலைப்பு இன்னொரு கையில் சுருட்டியிருந்தது. சுசீலா அம்மா பாடிய ஒரு பழைய பாட்டு. பல்லவி வந்தது. சரணத்தில் குரல் எட்டவில்லை. நிறுத்திவிட்டார்.

"போதும்ப்பா. எனக்கு இப்பல்லாம் தொண்டை ஏற மாட்டேங்குது."

"அம்மா, உங்க தொண்டைக்கு ஒண்ணும் இல்ல. மிஷினைத்தான் எறக்கணும். ஒரு நிமிஷம் நில்லுங்க."

நாலு கீ இறக்கினேன். வயதாக ஆகப் பெண்களின் குரல் தாழ்கிறது. அது இயற்கை, குறையல்ல. மைக்கை மெல்ல உயர்த்தி வாய்க்கு நேராகக் கொண்டுவரச் சொன்னேன். இரண்டாம் முறை அதே சரணம் வந்தது. அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். எட்டாமல் போன அந்த இடத்தில் குரல் நிதானமாகப் போய் உட்கார்ந்தது. தலைப்பைச் சுருட்டியிருந்த விரல்கள் தாளம் போட ஆரம்பித்தன. பெரியவர் நாற்காலியை மேடைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைக்கு அந்த அம்மா பாடியது ஒரு பாட்டல்ல, வரிசையாக நாலைந்து பாட்டு.

சொல்லுங்கள், அந்த அம்மாவுக்குக் குரல் இல்லையா?

தைரியம் வந்த பிறகு பாடலாம் என்று காத்திருக்கிறோம். கூச்சத்தில் ஒதுங்கி நிற்பவரிடம் போய் தைரியமாக இரு, கூச்சப்படாதே என்று உபதேசம் செய்கிறோம். உபதேசத்தால் யாருக்கும் கூச்சம் போனதில்லை. முதல் வரி சிரமமில்லாமல் வெளியே வந்தால் கூச்சம் தானே போகும். அதற்கு வேண்டியது நாலு ஏற்பாடுகள். அந்த ஏற்பாடுகள் பாடுகிறவர் கையில் கொஞ்சம், கருவி கொண்டுவருகிறவர் கையில் கொஞ்சம், கேட்கிறவர் கையில் நிறைய.

பாடுகிறவருக்கு முதலில். உங்கள் சுருதியை வீட்டிலேயே கண்டுபிடித்து வையுங்கள். பல்லவியைப் பாடிப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். பாட்டின் உச்சம் பெரும்பாலும் சரணத்தில் இருக்கிறது. அந்த ஒரு வரியை டிராக்கோடு பாடிப் பாருங்கள். கழுத்து நரம்பு புடைக்காமல், தாடை இறுகாமல் வருகிறதா? வந்தால் அதுதான் உங்கள் சுருதி. இல்லாவிட்டால் ஒவ்வொரு கீயாக இறக்கிப் பாருங்கள். அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி வையுங்கள்: இன்ன பாட்டு, மூன்று கீ கீழே. அந்தச் சீட்டை நீங்கள் நீட்டினால் எந்தக் கரோக்கிக்காரரும் உங்களை மரியாதையோடு பார்ப்பார்.

பாட்டைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. 'கேளடி கண்மணி' படத்தில் எஸ்.பி.பி. மூச்சு விடாமல் பாடியதாகப் பேர் வாங்கிய பாட்டை முதல் பாட்டாக எடுக்கும் இளைஞர்களை நிறையப் பார்க்கிறேன். ஆசை நல்லது. ஆனால் முதல் பாட்டு உங்களுக்குத் தூக்கத்தில் எழுப்பினாலும் வரும் பாட்டாக இருக்கட்டும். பலர் தடுமாறுவது ராகத்தில் அல்ல, எடுப்பில். இடையிசை முடிந்து சரணம் எப்போது தொடங்கும் என்று தெரியாமல் திரையையே பார்த்து நிற்கிறார்கள். எழுத்து நிறம் மாறும்போது பாடத் தொடங்கினால் அதற்குள் தாமதமாகிவிட்டது. இடையிசையின் கடைசியில் என்ன வாத்தியம் வருகிறது என்று காதில் பிடித்து வையுங்கள். ஒரு புல்லாங்குழல் முடிந்ததும், அல்லது தபலா ஒரு உருட்டு உருட்டியதும் நாம் நுழைய வேண்டும். அதைத் தெரிந்துகொண்டவர் திரையைப் பார்க்கவே வேண்டாம்.

அடுத்து மைக். நாடக மேடையில் மைக் இல்லாத காலத்தில் கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் கொட்டகையின் கடைசி வரிசை வரை கேட்கும்படி உச்ச சுருதியில் பாடினார்கள். பாடியே ஆக வேண்டும், வேறு வழி இல்லை. மைக் வந்த பிறகு என்ன ஆனது? ஏ.எம். ராஜாவும் பி.பி. ஸ்ரீனிவாஸும் காதோரம் பேசுவதுபோலப் பாடினார்கள். அந்த மென்மையை நமக்குக் கொடுத்தது மைக். அப்படியிருக்க, மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு எதற்காகக் கத்த வேண்டும்? வாய்க்கும் மைக்குக்கும் இரண்டு மூன்று விரல் இடைவெளி விடுங்கள். உச்சத்தில் கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள். வலைத் தலையைக் கையால் பொத்தாதீர்கள், ஸ்பீக்கருக்கு நேரே மைக்கைக் காட்டாதீர்கள். இரண்டு காரியமும் அந்தக் காது கிழிக்கும் விசிலைக் கொண்டுவரும். விசில் வந்தால் பாடுகிறவர்தான் தப்புப் பண்ணிவிட்டார் என்று சபை நினைக்கும். பாவம், அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இப்போது, கரோக்கியை வாடகைக்கு எடுக்கிறவர்களுக்கு. வாடகை ஊருக்கு ஊர் மாறும், முகூர்த்த நாளில் ஏறும். அதைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் பணத்துக்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: "பாடுறவங்க சுருதிக்கு மாத்தித் தருவீங்களா?" இந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்கிறவர் தொழில் தெரிந்தவர். "அதெல்லாம் எதுக்கு சார், ஒரிஜினல்லயே பாடட்டும்" என்கிறவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்து, பாடுகிறவர் தன் குரலைத் தானே கேட்கும்படி ஒரு ஸ்பீக்கர் அவர் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். மானிட்டர் என்போம். ஹாலைப் பார்த்து இரண்டு பெரிய பெட்டிகளை வைத்துவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். தன் குரல் தனக்குக் கேட்காதவர் கத்துவார். கத்தினால் சுருதி விலகும். நல்ல பாடகரையும் கெடுத்துவிடும் காரியம் இது. வீட்டு மொட்டை மாடியில் சின்ன அளவில் வைத்துக்கொள்பவர்கள் புளூடூத் ஸ்பீக்கரில் மைக்கை இணைத்துவிடுகிறார்கள். புளூடூத்தில் ஒலி பத்தில் ஒரு வினாடி தாமதமாக வரும், சில கருவிகளில் அதற்கும் மேலே. உங்கள் குரல் உங்களுக்கே பின்தங்கிக் கேட்டால் தாளம் எப்படி நிற்கும்? ஒயர் போட்டு இணையுங்கள். அவ்வளவுதான் வைத்தியம்.

டிராக்குகளிலும் தரம் உண்டு. புதிதாக வாத்தியம் வாசித்துச் செய்தவை ஒரு வகை. மூலப் பாட்டிலிருந்து மென்பொருளால் குரலை உருவி எடுத்தவை இன்னொரு வகை. பின்னதில் பாடகரின் நிழல் அங்கங்கே மிஞ்சியிருக்கும். புதியவர்களுக்கு அந்த நிழல் ஒரு துணைதான், வேண்டாம் என்று ஒதுக்க மாட்டேன். உங்கள் வீட்டார் பாடப்போகும் பாட்டுப் பட்டியலை முன்கூட்டியே கொடுத்து, டிராக்கை அனுப்பச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு மண்டபத்தில் வந்து நெட்டில் தேடுகிறவரிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள். குறைந்தது இரண்டு மைக் வேண்டும், மாற்று பேட்டரி வேண்டும். கரன்ட் போனால் என்ன ஏற்பாடு என்று கேட்டு வைக்க வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில இடங்களில் கரோக்கி கொண்டுவந்தவரே பாதிப் பாட்டைப் பாடி முடித்துவிடுகிறார். அவர் நன்றாகவே பாடுவார். ஆனால் விசேஷம் உங்கள் வீட்டுடையது. முதலிலேயே தெளிவாகப் பேசிவிடுங்கள்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய மண்டபத்துக்கு உள்ளே, உள்ளிருப்பவர்களுக்கு மட்டும் என்றால் விலக்கு உண்டு. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று வரம்பு. ஆகவே மாடி விருந்துகளை மாலை 6 மணிக்கே தொடங்குங்கள். பாட்டின் உரிமை விஷயத்தில், கல்யாணமும் அதைச் சேர்ந்த கொண்டாட்டங்களும் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் விலக்கில் வருகின்றன. டிக்கெட் போட்டு நடத்தினால், ஹோட்டலில் வியாபாரமாக நடத்தினால் உரிமம் வாங்க வேண்டும். பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சேர வேண்டிய பணம் அது. மனம் கோணாமல் கொடுப்போம்.

அன்பர்களே, இதுவரை சொன்னதெல்லாம் கருவி. இனிச் சொல்லப்போவது சபை. கரோக்கி நன்றாக நடப்பதும் கெட்டுப்போவதும் கேட்கிறவர்களால்தான்.

முதல் பாட்டை வீட்டிலேயே சிறந்த பாடகருக்குக் கொடுக்காதீர்கள். அவர் பாடி முடித்தால் அதன்பின் யாருக்கு மேடை ஏற மனம் வரும்? எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை நாலைந்து பேர் சேர்ந்து பாடட்டும். அடுத்தது குழந்தைகள், அதன்பின் பெரியவர்கள். தேர்ந்த பாடகர் சாப்பாட்டுக்குப் பிறகும் நன்றாகத்தான் பாடுவார், அவர் காத்திருக்கட்டும். மார்க் போடும் வசதி கருவியில் இருந்தால் அணைத்துவிடுங்கள். 62 என்ற எண்ணைத் திரையில் பார்த்துவிட்டு இறங்கிப் போன ஒரு பெரியப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருந்தால், அந்தப் பொத்தானை நீங்களே பிடுங்கி எறிந்திருப்பீர்கள்.

செல்போன் விஷயம். முன்பெல்லாம் ஒருவர் தப்பாகப் பாடினால் அந்தக் கூடத்தோடு போய்விடும். இன்று அது குடும்ப வாட்ஸ்அப் குழுவில், சிரிக்கும் பொம்மைப் படங்களோடு சுற்றி வருகிறது. இந்தப் பயம் இளைஞர்களிடம்தான் அதிகம். கூச்சமே இல்லாதவர்கள் என்று நாம் நினைக்கும் கல்லூரிப் பிள்ளைகள் மைக்கைக் கண்டு ஒதுங்குவது இதனால்தான். பாடுகிறவரைக் கேட்காமல் படம் எடுப்பதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வையுங்கள். அதன்பின் யார் யார் மேடை ஏறுகிறார்கள் என்று பாருங்கள்.

வற்புறுத்தி இழுக்கவும் வேண்டாம். தனியாகப் பாடக் கூசுகிறவர் பக்கத்தில் ஒருவர் இன்னொரு மைக்கோடு போய் நில்லுங்கள். அவர் தடுமாறும் வரியை மட்டும் மெல்ல எடுத்துக்கொடுங்கள். நலங்குப் பாட்டில் நம் அத்தைகள் செய்தது இதைத்தானே?

சேர்ந்து பாடும்போது உடம்பிலும் ஒன்று நடக்கிறது. ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோர்ன் விக்ஹோஃப் குழுவினர் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சேர்ந்து பாடுகிறவர்களின் இதயத் துடிப்பு ஒரே சமயத்தில் கூடி, ஒரே சமயத்தில் குறைகிறது என்று அளந்து காட்டினார்கள். ஒரே வரியைப் பாட ஒரே இடத்தில் மூச்சு விடுகிறோம், மூச்சோடு துடிப்பும் சேர்ந்துகொள்கிறது. பங்காளிச் சண்டையில் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பிகள், ஒரு பழைய எம்.ஜி.ஆர். பாட்டின் இரண்டாம் சரணத்தை ஒரே மைக்கில் பாடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அடுத்த நாள் அவர்கள் பேசிக்கொண்டார்களா என்பது எனக்குத் தெரியாது. அந்தச் சரணத்தில் இருவரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினார்கள்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். தை பிறந்தால் முகூர்த்த நாட்கள் வரும். உங்கள் வீட்டு விசேஷத்துக்குக் கரோக்கி பேசும்போது, முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்தச் சுருதிக் கேள்வியைக் கேளுங்கள். பாடுகிறவர்களின் பெயர்ப் பட்டியலை நீங்களே எழுதுங்கள். எழுதும்போது, வீட்டில் எப்போதும் சமையலறைப் பக்கமோ வாசல் பக்கமோ நின்றுகொண்டு மெல்ல முணுமுணுக்கும் ஒருவர் இருப்பாரே, அவரிடம் இப்போதே போய் எந்தப் பாட்டு என்று கேளுங்கள். எத்தனை கீ இறக்க வேண்டும் என்று உட்கார்ந்து பார்த்துக் கொடுங்கள். பட்டியலில் அவர் பெயரையும் எழுதுங்கள்.